விட்டுவந்த நாய்களும் வந்துசேர்ந்த நாய்களும்

சென்ற மாரியில் ஒருநாள் விடியற்காலை, கோவில் மணி அடிக்கப் போன முதியவர் பாதி வழியில் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். படலையடியில் ஓர் உரப்பை கிடந்தது. அதன் வாயை நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே ஏழு நாய்க்குட்டிகள். இரண்டு இறந்துவிட்டன. மற்றவை கண் திறந்து சில நாட்களே ஆனவை. நனைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஏழில் ஆறு பெட்டை.

யார் கொண்டுவந்து போட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் தெரியவந்திருக்கும். நாற்பது ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒரு கிராமத்தில் எந்த வீட்டு நாய் குட்டி போட்டது என்பது ஒளித்து வைக்கக்கூடிய இரகசியமல்ல. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். உரப்பையைக் கொண்டுவந்தவர் அதைக் குளத்தில் போடவில்லை, கோவில் படலையில் போட்டார். யாராவது எடுப்பார்கள் என்ற எண்ணம் அவரிடம் இருந்திருக்கிறது. அந்த எண்ணத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். யாராவது என்பவர் யார்?

அன்று மாலை மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கதையை எடுத்தபோது ஒரு தாய் எழுந்து நேரே கேட்டார்: “சுவாமி, மனிசருக்கே ஒழுங்காச் சோறில்லை. நாய்க்கு எங்கை போறது?” மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி. 2021இல் உரம் கிடையாமல் விளைச்சல் விழுந்ததையும், 2022இல் அரிசி விலை ஏறியதையும் வயிற்றினால் அறிந்தவர்கள் நீங்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் எங்கள் பகுதிச் சந்தைகளிலும் பஸ் நிலையங்களிலும் விடப்பட்ட நாய்கள் பெருகியதைக் கண்ணால் கண்டேன். மனிதர் பட்டினி கிடக்கும்போது முதலில் குறைவது நாயின் பங்கு. ஆனபடியால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அன்பு, இரக்கம் என்று பிரசங்கம் செய்வதில் பயனில்லை. விடையைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு பழைய கதை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. எங்களிடம் வீமன் என்ற கடுவன் நாய் இருந்தது. புகையிலைத் தோட்டத்தில் அப்பாவோடு காவல் கிடந்து வளர்ந்தது. கட்டிப்போட்டுவிட்டுப் போனால் பட்டினியில் சாகும் என்று அப்பா அவிழ்த்துவிடச் சொன்னார். அவிழ்த்துவிட்டேன். அது சைக்கிளுக்குப் பின்னால் ஒழுங்கை முடியுமட்டும் வந்தது. பெருவீதியில் மழைக்குள் சனம் நெரிந்துகொண்டு நாவற்குழிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் வந்தால் மிதிபட்டுச் சாகும், திருப்பி அனுப்பு என்றார் அப்பா. நான் கல்லெடுத்து எறிந்தேன். முதற்கல் படவில்லை. இரண்டாவது பட்டது.

இதை வாசிக்கும் உங்களில் பலரிடம் இப்படியொரு கதை இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிளாலிக் கரையில் வள்ளம் ஏறும்போது, 2009இல் பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழிக்கு ஓடும்போது, நாயோ கன்றோ பின்னால் நின்ற கதை. மனிதரை விட்டுவந்த கதைகள் நடுவே இதைச் சொல்ல வெட்கப்பட்டு நாம் சொல்லாமல் விட்டோம். வெட்கப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தோபித்து ஆகமத்தில் வருவதும் ஓர் இடம்பெயர்ந்த குடும்பந்தான். சொந்த மண்ணிலிருந்து நினிவே நகருக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். மகன் தூரப் பயணம் வெளிக்கிட்டபோது வீட்டு நாயும் கூடப் போனதென்று எழுதியிருக்கிறது. அது ஏன் போனது, போய் என்ன செய்தது என்பதற்கு விளக்கம் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் அதை விட்டுவிட மனமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.

1996 சித்திரைக்குப் பின்னர் நாங்கள் வீடு திரும்பினோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு முதியவர் மட்டும் போகாமல் இருந்துவிட்டார். கறவைமாட்டைத் தனியே விடமாட்டேன் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தான் நின்றவர். அந்த ஆறு மாதமும் அவர் தன் மாட்டை மட்டும் பார்க்கவில்லை. அயல் வீடுகளின் நாய்கள் பதினொன்று அவரைத் தேடி வந்துவிட்டன. ஒடியல்மாக் கஞ்சி காய்ச்சி, முருங்கையிலையைப் போட்டு, பின்னேரம் ஒருதரம் ஊற்றியிருக்கிறார். வீமனும் அங்கேதான் நின்றது. என்னைக் கண்டு வாலை ஆட்டியது. ஆனால் பொழுதுபட அவருடைய படலைக்குத்தான் போனது. அது எனக்குப் பெருங்கோபம். கல்லெறிந்தவனுக்குக் கோபம் வேறு.

“அப்பு, நீங்கள் எங்கடை நாயை வளர்த்துப்போட்டியள்” என்றேன். அவர் சொன்னார்: “வளர்க்கேல்லைத் தம்பி. நீங்கள் வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்.” அதன்பின் மூன்று நாட்கள் அவர் படலையைச் சாத்தியே வைத்திருந்தார். பின்னேரக் கஞ்சியும் வெளியே வைக்கவில்லை. நாய்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நாலு நாய்களின் வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்லை. அந்த நாலையும் அவர் வைத்துக்கொண்டார்.

தொண்டர்கள் இன்று நாய்களை மீட்டு, சில கிழமைகள் ஒரு வீட்டில் வைத்துத் தேற்றி, பின்னர் நிலையான வீட்டுக்குக் கொடுக்கும் முறையைப் பற்றிப் பேசும்போது எனக்கு அந்த அப்பு சொன்ன வார்த்தைதான் நினைவுக்கு வரும். வளர்ப்பது வேறு, பார்த்துக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. இதை நான் தற்காலிகப் பராமரிப்பு என்று சொல்கிறேன். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். 2009இற்குப் பின் மனிக் பாமிலிருந்தும் வேறு முகாம்களிலிருந்தும் சனம் ஊர் திரும்பியபோது காடேறிய வளவுகளில் நாய்கள் கூட்டமாகத் திரிந்தன. விட்டுப்போன வீட்டுநாய்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவை. மனிதக் கை பட்டறியாதவை. படைமுகாம் இருந்த காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோதும் அங்கு மிச்சச்சோறு தின்று வளர்ந்த நாய்கள் பின்தங்கிவிட்டன. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இரண்டு ஆடுகளை ஓரிரவில் இத்தகைய கூட்டம் கடித்துக் குதறியதால் எல்லாம் இழந்து நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் தோட்டத்து மருந்தைச் சோற்றில் பிசைந்து வைத்தார். செத்தவை அவருடைய ஆட்டைக் கடித்த நாய்கள்தானா என்று எவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக் கோழிகளும் இரண்டு செத்தன. நாய்மீது இரக்கம் காட்டச் சொல்லி அவரிடம் போக எனக்கு வாய் வரவில்லை. ஆட்டுக்காரருக்கு விடை சொல்லாத எந்த நாய்த் தொண்டும் கிராமத்தில் நிலைக்காது.

ஆனால் கொல்வது விடையல்ல என்பதை அனுபவம் காட்டியிருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தார்கள். நாய்கள் குறையவில்லை. ஓரிடத்து நாய்களைக் கொன்றால் அங்கே மிஞ்சும் குப்பைக்கும் சோற்றுக்கும் அயலிலிருந்து வேறு நாய்கள் வந்துசேரும், அவ்வளவே. வருவன ஊசி போடாத நாய்கள். 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயினால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஆண்டொன்றுக்கு 20க்கும் 30க்கும் அண்மித்ததாக வந்திருக்கிறது. இறக்கிவிட்டது பெரும்பாலும் தடுப்பூசி: நாய்க்குப் போட்டதும், கடிபட்ட மனிதருக்குப் போட்டதும். 2006இல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசாங்கம் கொள்கை மாற்றியபின்னரும் மரணங்கள் பெருகவில்லை. ஓரிடத்து நாய்களில் 70 வீதத்திற்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியிராது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது பத்துக்கு ஏழு. நாய்க்கான ஊசி அரசினால் இலவசமாகவே போடப்படுகிறது. ஆனால் கைக்கு எட்டாத, பிடிக்கமுடியாத நாய்க்கு யார் ஊசி போடுவது?

தற்காலிகப் பராமரிப்பின் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு குட்டியை ஆறு அல்லது எட்டுக் கிழமை ஒரு வீட்டில் வைத்திருந்தால் அது மனிதக் கைக்குப் பழகும். பூச்சிமருந்து, தடுப்பூசி, வயது வந்ததும் கருத்தடை என்று எல்லாவற்றுக்கும் பிடிபடும். அப்படிப் பழகிய நாய் ஆட்டுப்பட்டிக்குக் காவல் நிற்கும். பழகாமல் பற்றைக்குள் வளர்ந்தது இன்னொரு நாள் பட்டிக்குள் பாயும். பெட்டைநாய் ஒன்று ஆறு ஏழு மாதத்தில் பருவத்துக்கு வரலாம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஆண்டுக்கு இரண்டு ஈற்றும் ஈனலாம். எங்கள் உரப்பைக்குள் கிடந்த ஆறு பெட்டைகளும் பற்றைக்குள் போய் வளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். மனிதருக்கே சோறில்லை என்று கேட்ட தாய்க்கு என் விடையும் இதுதான். இது நாய்க்குச் செய்யும் தருமம் மாத்திரமல்ல. உங்கள் ஆட்டுக்கும் உங்கள் பிள்ளையின் காலுக்கும் போடும் வேலி. குட்டியொன்றுக்கு நாளொன்றுக்கு வேண்டியது குறுணற் கஞ்சியும் ஒரு மீன்தலையும். மிளகாய், வெங்காயம் சேர்ந்த கறியைக் கொடுக்கவேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

உரப்பைக் குட்டிகளிடம் நாங்கள் படித்தவற்றைச் சொல்கிறேன். முதல் வேலை பால் அல்ல, சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் பருக்கினால் சமிக்காது, புரையேறிச் சாகும். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். பின்னரே பால். பிள்ளையைப்போல மல்லாத்தி வைத்துப் பருக்கக்கூடாது. வயிறு கீழே இருக்க, தாயிடம் குடிப்பதுபோலக் குடிக்கவேண்டும். மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் கொடுக்கும் என்பதால் கால்நடை வைத்தியரைக் கேட்டுத்தான் கொடுத்தோம். கண் திறக்குமுன் எடுத்த குட்டி தானாகச் சலம் போகாது. தாய் நக்குவதுபோல ஈரத்துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிடவேண்டும். இது எனக்குக் குருமடத்தில் எவரும் கற்பித்ததல்ல. மாடு ஆடு வளர்த்த ஓர் ஆச்சிதான் காட்டித்தந்தார். ஐந்தில் நாலு தப்பின.

பெரிய நாயை எடுப்பவர்கள் அவசரப்படவேண்டாம். முதல் நாட்களில் தடவிக்கொடுக்கவும் குளிப்பாட்டவும் போகாதீர்கள். ஒரு மூலை, ஒரு சாக்கு, ஒரு சிரட்டை தண்ணீர் போதும். தின்னும்போது பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு கிழமையாவது பிரித்து வையுங்கள். குட்டிகளைக் கொல்லும் இரத்தக்கழிச்சல் ஒன்றிலிருந்து மற்றதற்கு வெகு விரைவில் போகும். சொறி பிடித்த நாய்க்குக் கழிவு ஒயில் பூசுவதும், உண்ணிக்குப் பயிர்மருந்து தெளிப்பதும் எங்கள் ஊர்களில் வழக்கம். இரண்டும் நஞ்சு. நாய் நக்கும், நக்கிச் சாகும். மனிதருக்குக் கொடுக்கும் பனடோலையும் கொடுக்காதீர்கள். சொறி சில வேளை மனிதருக்கும் தொற்றும். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கடியைப் பற்றி ஒரு வார்த்தை. நாயோ பூனையோ கடித்தால், கீறினால், அது குட்டியாயிருந்தாலும், உங்கள் சொந்த நாயாயிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் அப்பவேண்டாம். கடித்த நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். பாதுகாப்பாகக் கட்டிவைத்துக் கவனித்தால் அதற்கு நோய் உண்டா என்று சில நாட்களில் தெரியவரும். அதற்காக நீங்கள் வைத்தியசாலைக்குப் போகாமல் காத்திருக்கக்கூடாது. இந்நோய் வெளியே காட்டத் தொடங்கினால் மருந்தில்லை.

நான் செய்த இரண்டு பிழைகளைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது.

ஒன்று: சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் தேற்றியெடுத்த ஒரு பெட்டைநாயை, கேட்டவருக்கு உடனே கொடுத்துவிட்டேன். நல்ல மனிதர், பெரிய வளவு, கேட்கவேண்டியதில்லை என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து அவ்வழியால் போனபோது அது இரண்டு முழச் சங்கிலியில், நிழலில்லாத இடத்தில், கழுத்துப் புண்ணோடு நின்றது. கொண்டுவந்தோம், தப்பவில்லை. இப்போது கொடுக்குமுன் வீட்டைப் போய்ப் பார்க்கிறோம். கொடுத்த ஒரு மாதத்தில் திரும்பப் போய்ப் பார்க்கிறோம். இது பெண் பார்க்கப் போவதுபோல இருக்கிறதென்று பங்குச்சபையில் ஒருவர் பகிடி பண்ணினார். அதைவிடக் கவனமாகவே பார்க்கிறோம் என்று சொன்னேன்.

மற்றது இதைவிடப் பாரமானது. தகப்பனை யுத்தத்தில் இழந்து தாயோடு வாழ்ந்த ஒரு சிறுவனின் வீட்டில் குட்டியொன்றை இரண்டு மாதத்துக்கு விட்டேன். அவனுக்கு நல்லது என்று எண்ணினேன். நல்லதாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவருவான். ஆனால் இது திரும்பிப் போகும் குட்டி என்று தாய்க்குச் சொன்னேனே தவிர, அவனுக்குச் சொல்லவில்லை. எடுக்கப் போன அன்று அவன் அழவில்லை. “திருப்பி எடுக்கிறதெண்டால் ஏன் தந்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தக் குட்டியை நான் எடுக்கவில்லை. எடுக்கும் உரிமை எனக்கில்லை என்று பட்டது. அதனை எதிர்பார்த்திருந்த குடும்பத்தினர் என்னோடு சில காலம் கதைக்கவில்லை. இழந்து பழகிய பிள்ளைகள் நம்மிடையே பலர். அத்தகைய வீட்டுக்குத் தற்காலிகமாக ஒரு குட்டியைக் கொடுப்பதா, கொடுப்பதானால் நிரந்தரமாகவே கொடுப்பதா என்பதை நன்றாக யோசிக்கவேண்டும். என் எண்ணம், நிரந்தரமாகவே கொடுக்கவேண்டும், அல்லது கொடுக்கவே கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இது ஆறு கிழமை விருந்தாளி, பெயரைப் புது வீட்டார் வைப்பார்கள். அப்படிச் சொன்னாலும் அவர்கள் பெயர் வைப்பார்கள். வைக்கட்டும்.

இன்னும் சொந்தக் காணி கிடையாமல் பிறருடைய வளவில் குடியிருப்பவர்கள் நாய் எடுக்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். காணிக்காரர் முகம் சுளித்தால் உங்கள் குடியிருப்பே ஆட்டம் காணும். ஊசி போடும் நாளில் அயல் நாய்களைப் பிடித்துத் தர ஒரு கை உதவுங்கள், போதும். நாயைப் பதியவேண்டும் என்ற சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே வந்தது. நம்மில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. என் நாயும் சென்ற ஆண்டுதான் பதியப்பட்டது.

நாய்களுக்கென்றே பெரிய இல்லம் ஒன்றை மறைமாவட்டம் கட்டித்தரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையினர் நாய்களுக்கு ஒரு சரணாலயம் நடத்துகிறார்கள். போக்கிடமற்ற நாய்களுக்கு அது பெரிய தொண்டு, அவர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். ஆனால் இல்லம் ஒன்று இருக்கிறதென்றால் உரப்பையைக் கட்டுவது நமக்கு இன்னும் இலகுவாகிவிடும். எந்த இல்லமும் சில மாதங்களில் நிரம்பும். பத்து வீடுகள் ஆளுக்கொரு குட்டியை ஆறு கிழமை பார்ப்பது கட்டிடம் கேட்காது, காவலாளி கேட்காது. ஒன்றை மட்டும் கேட்கும், அதையும் சொல்லிவிடவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதற்குக் கை உயர்த்தியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கஞ்சி காய்ச்சியவர்களும் பீ அள்ளியவர்களும் பெண்கள். அடுத்த முறை கை உயர்த்துபவர் பெயருக்கு நேரே யார் அள்ளுவது என்றும் எழுதப்போகிறேன்.

உரப்பையில் தப்பிய நாலில் மூன்று வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்று, முன்னர் சொன்ன ஆட்டுக்காரரின் பட்டியில் நிற்கிறது. அவரே வந்து கேட்டார். நாலாவது, வலது காதில் வெள்ளை விழுந்த பெட்டை, இதை எழுதும்போது மிஷன் வீட்டுத் திண்ணையில் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. விசர்நோய் ஊசி போட்டாயிற்று. கருத்தடைக்கு கால்நடை வைத்தியர் சொன்ன வயது இன்னும் வரவில்லை. அதற்கு நாங்களே கூட்டிப்போவோம். விரும்புவோர் ஞாயிறு பூசைக்குப் பின் வரலாம். சங்கிலி கொண்டுவரவேண்டாம், ஒரு கடகம் போதும்.